நியூட்ரானைச் சிதறவிட்டால் என்ன தெரியும்? அது எப்போது தேவை?

கேள்வி இதுதான்: நியூட்ரான் சிதறலைக் கொண்டு ஒரு பொருளின் அமைப்பையும், அதற்குள் அணுக்கள் அசையும் விதத்தையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எக்ஸ் கதிர்க் கருவி பக்கத்து அறையிலேயே இருக்கும்போது, அணு உலை இருக்கும் இடம் தேடிப் போவானேன்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான நேரம் போகவே வேண்டாம். புதிதாக ஒரு பொருளைத் தயாரித்திருக்கிறீர்கள், அது என்ன படிகக் கட்டமைப்பில் வந்திருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் எக்ஸ் கதிரே தாராளமாகப் போதும். நியூட்ரானைத் தேடிப் போகவைக்கும் கேள்விகள் வேறு. கனமான அணுக்களுக்கு நடுவே ஹைட்ரஜன், லித்தியம், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது ஒவ்வொரு அணுவும் சுமக்கும் குட்டிக் காந்தங்கள், எந்தத் திசை பார்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன? அணுக்கள் சேர்ந்து ஆடும் ஆட்டத்தின் அலைநீளம் என்ன, அதிர்வெண் என்ன? ஒரு தடித்த எஃகுத் துண்டை அறுக்காமலே அதன் உள்ளே இருக்கும் இறுக்கத்தை அளக்க முடியுமா? இவற்றில் ஒன்று உங்கள் கேள்வியாக இருந்தால் மேலே படியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் நியூட்ரானிடம் பதில் இருப்பதற்குக் காரணம் ஒரு அதிர்ஷ்டமான பொருத்தம். அணு உலைக்குள் பிளவில் பிறக்கும் நியூட்ரானின் ஆற்றல் சராசரியாக 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அது தண்ணீரிலோ கனநீரிலோ மோதி மோதிக் களைத்து, அந்தத் திரவத்தின் வெப்பநிலைக்கு வந்து சேரும்போது ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆகிவிடுகிறது. வேகம் நொடிக்கு 2200 மீட்டர். துப்பாக்கிக் குண்டைவிட இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். இந்த வேகத்தில் அதன் அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). திடப்பொருளில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளியும் இதே அளவு. திடப்பொருளின் அதிர்வுகளுக்கு உரிய ஆற்றலும் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் முதல் சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரைதான். ஆக அலைநீளம், ஆற்றல் இரண்டும் ஒரே சமயத்தில் அணு உலகத்தின் அளவோடு ஒத்துப்போகின்றன.

எக்ஸ் கதிருக்கு அலைநீளம் ஒத்துப்போகும், ஆற்றல் ஒத்துப்போகாது. 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள எக்ஸ் கதிர் ஃபோட்டானின் ஆற்றல் கிட்டத்தட்ட 7000 எலக்ட்ரான் வோல்ட். அது ஒரு அதிர்வுக்கு 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், அதன் ஆற்றலில் ஏற்படும் குறைவு மூன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான். சரக்கேற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்தி, டிரைவர் சட்டைப் பையில் சாவிக்கொத்து இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மாதிரி. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். சிங்க்ரோட்ரான் என்ற இன்றைய பெரிய எக்ஸ் கதிர் நிலையங்களில் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் துல்லியத்தில் இதைச் செய்கிறார்கள். படிகம் மிகச் சிறியதாக இருந்தால் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் நியூட்ரானுக்கு அதே 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பது கையில் இருப்பதில் பெரும்பகுதி. வேகத்தை அளந்தாலே தெரிந்துவிடும்.

சோதனையின் எலும்புக்கூடு எளிமையானது. நியூட்ரான் எந்த உந்தத்தோடும் ஆற்றலோடும் பொருளுக்குள் போனது, எந்த உந்தத்தோடும் ஆற்றலோடும் வெளியே வந்தது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பொருளோடு நடந்த கொடுக்கல் வாங்கல். உந்த வித்தியாசம் பொருளுக்குள் இருக்கும் நீள அளவுகளைச் சொல்லும்; ஆற்றல் வித்தியாசம் கால அளவுகளைச் சொல்லும். ஆற்றல் மாறாமல் வந்தவை அணுக்களின் சராசரி இடங்களைக் காட்டும், மாறி வந்தவை அசைவைக் காட்டும். 1954இல் லியோன் வான் ஹோவ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். ஒரு அணு இந்த நொடியில் இங்கே இருந்தால், கொஞ்ச நேரம் கழித்து அதுவோ இன்னொன்றோ எவ்வளவு தூரத்தில் இருக்க வாய்ப்பு என்ற கணக்கின் ஃபூரியர் மாற்றம்தான் (அதையே அலைகளாகப் பிரித்து எழுதிய வடிவம்) டிடெக்டரில் நாம் எண்ணுவது. அமைப்பு, இயக்கம் என்று நாம் இரண்டாகப் பேசுவதை இந்தக் கணக்கு ஒரே சார்பாகப் பார்க்கிறது.

இதில் சத்தமில்லாமல் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது, பொருளை மிக மெலிதாகத்தான் தொடும். பெரும்பாலானவை எதையும் தொடாமல் மறுபக்கம் போய்விடும். சிதறுபவையும் பெரும்பாலும் ஒரே முறைதான் சிதறும். அதனால் கோட்பாட்டாளர் கணக்கிடும் அளவையும் சோதனையில் கிடைக்கும் அளவையும், வடிவத்தில் மட்டுமல்ல, எண்ணிக்கையிலேயே நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். வேறு பல முறைகளில், அளந்தது பொருளின் குணமா அல்லது அளக்கும் கருவி பொருளைக் கலைத்ததன் விளைவா என்ற சந்தேகம் கடைசி வரை கூடவே வரும். இங்கே அது கிட்டத்தட்ட இல்லை. என்னைக் கேட்டால் நியூட்ரானின் மிகப் பெரிய பலம் இதுதான். பாடப்புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சரி, லேசான அணுக்களுக்கு வருவோம். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் சிதறுகிறது, எனவே அணு எண் ஏற ஏறச் சிதறலும் ஏறும். யுரேனியத்தில் 92 எலக்ட்ரான், கார்பனில் 6. செறிவு இதன் இருமடிப் போக்கில் மாறுவதால் யுரேனியத்தின் பக்கத்தில் கார்பன் காணாமலே போய்விடும். நியூட்ரானோ எலக்ட்ரான் மேகத்தைக் கண்டுகொள்ளாமல் அணுக்கருவோடு மோதுகிறது. ஒரு கரு எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கும் என்பதைச் சிதறல் நீளம் என்று ஃபெம்டோமீட்டரில் குறிப்பார்கள். யுரேனியத்துக்கு 8.4, கார்பனுக்கு 6.65, ஆக்சிஜனுக்கு 5.8. எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. தனிம அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும் மாங்கனீசு, இரும்பு, கோபால்ட்டை எக்ஸ் கதிர் பிரித்துப் பார்க்கத் திணறும், ஏனென்றால் 25, 26, 27 எலக்ட்ரான்கள்தான். நியூட்ரானுக்கு அவை -3.73, 9.45, 2.49. மைனஸ் குறி இருந்தால் சிதறும் அலை மற்றவற்றுக்கு எதிர்க் கட்டத்தில் வருகிறது என்று பொருள். ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள்கூட வேறுபடும்: நிக்கல்-58க்கு 14.4, நிக்கல்-62க்கு -8.7. இந்த எண்களில் ஒழுங்கு எதுவும் தேட வேண்டாம். கருவுக்குள் நடக்கும் ஒத்ததிர்வுகளைப் பொறுத்து ஏறி இறங்கும். அளந்து, அட்டவணை போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதன் பயன் 1987இல் நன்றாகத் தெரிந்தது. திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்கு மேலேயே, சுமார் 92 கெல்வினில், மீக்கடத்தியாகும் யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு அப்போதுதான் வந்திருந்தது. அதில் எல்லாமே ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பொறுத்தது. எக்ஸ் கதிருக்கு பேரியமும் யிட்ரியமும் தாமிரமும் பளிச்சென்று தெரிந்தன, ஆக்சிஜன் மங்கிவிட்டது. நியூட்ரான் தூள் விளிம்பு விளைவு ஆய்வுதான் (தூளில் சிதறிய அலைகள் எந்தெந்தக் கோணங்களில் சேர்ந்து உச்சிகளாக எழுகின்றன என்று பார்ப்பது) ஆக்சிஜன் காலியிடங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, ஒரு தளத்தில் காப்பர்-ஆக்சிஜன் சங்கிலிகள் ஓடுவதைக் காட்டியது. இன்று லித்தியம் மின்கலப் பொருள்களிலும் இதே கதைதான். மூன்றே எலக்ட்ரான் உள்ள லித்தியத்தை எக்ஸ் கதிர் பார்ப்பது கஷ்டம். நியூட்ரானுக்கு அதன் சிதறல் நீளம் -1.9, மைனஸ் குறியே அதைத் தனித்துக் காட்டிவிடும். ஓர் இடைச்செருகல்: தூள் வடிவத்தை முழுதாக எடுத்துக்கொண்டு கட்டமைப்பைச் செதுக்கும் ரீட்வெல்ட் முறையை இன்று எக்ஸ் கதிர் ஆய்வாளர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ஹியூகோ ரீட்வெல்ட் 1960களில் நெதர்லாந்தின் பெட்டன் உலையில் அதை உருவாக்கியது நியூட்ரான் தரவுக்காகத்தான்.

ஹைட்ரஜன் தனி அத்தியாயம். சாதாரண ஹைட்ரஜனின் சிதறல் நீளம் -3.74, அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு 6.67. வேதியியல் கிட்டத்தட்ட அதேதான், நியூட்ரானுக்கோ முற்றிலும் வேறு அணு. எனவே ஒரு மூலக்கூறில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். தண்ணீரையும் கனநீரையும் கலந்து கலந்து, கரைசலின் சிதறல் அடர்த்தியை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கனநீர் சுமார் 40 சதவீதம் இருந்தால் சாதாரணப் புரதம் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். 65 சதவீதம் வாக்கில் டிஎன்ஏ மறையும். புரதமும் டிஎன்ஏவும் பின்னிக்கிடக்கும் ஒரு கூட்டமைப்பை முதல் கலவையில் அளந்தால் டிஎன்ஏவின் வடிவம் மட்டும் கிடைக்கும், இரண்டாவதில் புரதத்தின் வடிவம் மட்டும். எதையும் வெட்ட வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம். செல்லில் புரதம் தயாரிக்கும் ரிபோசோம் என்ற கூட்டமைப்பின், பாக்டீரியாவில் உள்ள வகையில், சிறிய துணை அலகில் உள்ள 21 புரதங்களின் இடங்களை இந்த வழியில்தான், இரண்டிரண்டு புரதங்களாக டியூட்டீரியம் ஏற்றித் தூரத்தை அளந்து அளந்து, 1987 வாக்கில் வரைபடமாக்கினார்கள். எக்ஸ் கதிர்ப் படிகவியல் அதே ரிபோசோமை அணு அணுவாகக் காட்ட இன்னும் பல வருடங்கள் ஆயின.

பாலிமர்களிலும் இப்படி ஒரு பழைய வழக்கு இந்த முறையால்தான் தீர்ந்தது. உருகிய பாலிமரில் ஒரு சங்கிலி, சுற்றிலும் அதே போன்ற சங்கிலிகள் நெருக்கும்போது, என்ன வடிவத்தில் இருக்கும்? தடையற்ற தற்போக்கு நடை போலத்தான் இருக்கும் என்று பால் ஃப்ளோரி சொன்னார். எல்லாச் சங்கிலியும் ஒரே மாதிரி இருக்கும் கூட்டத்தில் ஒன்றை மட்டும் எப்படிப் பார்ப்பது? சில சங்கிலிகளை டியூட்டீரியத்தில் செய்து கலந்துவிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் சிறுகோண நியூட்ரான் சிதறல் ஃப்ளோரி சொன்னது சரிதான் என்று காட்டியது.

அடுத்து காந்தம். நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாவிட்டாலும் ஸ்பின் என்ற தற்சுழற்சி உண்டு, சிறிய காந்தத் திருப்புத்திறனும் உண்டு. அணுவில் இணை சேராத எலக்ட்ரான் இருந்தால் நியூட்ரான் அதன் காந்தப் புலத்திலும் சிதறும். ஒரு போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தை அளக்கும் அலகு) திருப்புத்திறனுக்கு இந்தச் சிதறலின் வலு சுமார் 2.7 ஃபெம்டோமீட்டர். மேலே சொன்ன அணுக்கரு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் காந்த ஒழுங்கு ஏதோ ஒரு சிறிய திருத்தமாக ஒளிந்துகொள்ளாமல், அணுக்கரு உச்சிகளுக்குச் சமமாகத் தலைகாட்டுகிறது.

இதற்கான முதல் பெரிய சாட்சி மாங்கனீசு ஆக்சைடு. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திசை எதிரெதிராக அடுக்கப்பட்டு மொத்தக் காந்தம் பூஜ்யமாகிவிடும் ஆன்டிஃபெர்ரோ காந்தத்தை லூயி நேயல் 1930களிலேயே முன்மொழிந்திருந்தார். வெளியே காந்தமே தெரியாத ஒரு காந்த ஒழுங்கை எப்படி நிரூபிப்பது? 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடு தூளை அறை வெப்பநிலையிலும் 80 கெல்வினிலும் அளந்தார்கள். அறை வெப்பநிலையில் வந்த உச்சிகள், எக்ஸ் கதிர் சொன்ன 4.43 ஆங்ஸ்ட்ராம் விளிம்புள்ள கனசதுர அலகுக்கூட்டுக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டிக்கு) பொருந்தின. குளிர்வித்ததும் 12 டிகிரி அருகே, அந்த அலகுக்கூட்டில் எந்த உச்சியும் வரக்கூடாத இடத்தில், ஒரு வலுவான உச்சி எழுந்தது. அதைப் பொருத்த வேண்டுமானால் அலகுக்கூட்டின் விளிம்பு இரட்டிப்பாக, 8.85 ஆங்ஸ்ட்ராம், இருக்க வேண்டும். அணுக்கள் நகரவில்லை; ஆனால் காந்தத் திசையையும் கணக்கில் எடுத்தால், கனசதுர விளிம்பு வழியே ஒரு மாங்கனீசிலிருந்து அதே திசை பார்க்கும் அடுத்த மாங்கனீசுக்குப் போக இரு மடங்கு தூரம் தாண்ட வேண்டும். நேயல் சொன்னது கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் காந்தக் கட்டமைப்பு என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருவது நியூட்ரான்தான். சுருள் சுருளாகத் திரும்பும் அமைப்புகள், ஸ்கிர்மியான் எனப்படும் குட்டிக் காந்தச் சுழல்களின் கூட்டங்கள் எல்லாம் இந்த ஒரே யோசனையின் வாரிசுகள்.

ஷல் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்த்தார். அவை என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தவர் கனடாவின் சாக் ரிவரில் இருந்த பெர்ட்ராம் பிராக்ஹவுஸ். 1994இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. வேலை நடந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஷல்லோடு தொடக்கத்திலிருந்து உழைத்த எர்னஸ்ட் வோலன் 1984இலேயே இறந்துவிட்டார்.

பிராக்ஹவுஸ் கட்டிய மூன்று அச்சு நிறமாலைமானியை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தத்துவம் முழுவதும் அதில் கண்ணெதிரே இருக்கிறது. முதல் அச்சில் ஒரு படிகம். உலையிலிருந்து வரும் கலவையான கற்றையிலிருந்து ஒரே அலைநீளத்தை அது பிராக் விதிப்படி (ஒரு கோணத்துக்கு ஒரு அலைநீளம்) திருப்பிவிடும். இரண்டாவது அச்சில் உங்கள் மாதிரி. மூன்றாவதில் இன்னொரு படிகம், பகுப்பாய்வி. சிதறி வந்தவற்றில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் உள்ளவற்றை மட்டும் டிடெக்டருக்குத் திருப்பும். வழக்கமாக இந்தக் கடைசி ஆற்றலை 14.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் ஒரு கிராஃபைட் வடிகட்டி வைத்தால், பாதி அலைநீளத்தில் திருட்டுத்தனமாகச் சேர்ந்து வரும் நியூட்ரான்கள் அடைபட்டுவிடும். கிராஃபைட் பகுப்பாய்வி என்றால் அதற்கான கோணம் சுமார் 41 டிகிரி. பிறகு மாதிரியில் ஒரு உந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே வரும் ஆற்றலை அரை மில்லி எலக்ட்ரான் வோல்ட், அரை மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று நகர்த்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முதல் படிகம், மாதிரி, பகுப்பாய்வியையும் டிடெக்டரையும் தாங்கும் கை மூன்றும் மெதுவாகத் திரும்பி நிற்கும். சில நிமிடங்கள் எண்ணும். திரையில் ஒரு புள்ளி விழும். பத்துப் பதினைந்து புள்ளிக்குப் பிறகு பின்னணிக்கு மேலே ஒரு மேடு எழும். அதன் உச்சிதான் அந்த அலைநீளத்துக்குரிய ஃபோனானின், அதாவது அணுக்கள் சேர்ந்து ஆடும் அதிர்வின், ஆற்றல். அப்புறம் அடுத்த உந்தப் புள்ளி. இப்படிப் புள்ளி புள்ளியாகக் கோத்ததுதான் ஃபோனான் வரைகோடு. ஜெர்மானியத்தின் அதிர்வு முறைகளை பிராக்ஹவுஸும் பி.கே. அய்யங்காரும் 1958இல் இப்படித்தான் வெளியிட்டார்கள். அணுக்களுக்கு இடையே உள்ள விசைகளைப் பற்றிய எந்தக் கணக்கும் அன்றிலிருந்து இந்தக் கோடுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அமைப்பையும் இயக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பதன் அருமை கட்ட மாற்றங்களில் தெரியும். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் 105 கெல்வினில் கனசதுர அமைப்பிலிருந்து மாறுகிறது. அதற்கு மேலே இருந்து குளிர்வித்துக்கொண்டே வந்தால், ஆக்சிஜன் எண்முகிகள் திரும்பி ஆடும் ஒரு குறிப்பிட்ட அதிர்வின் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். ஆட்டம் தளர்ந்து தளர்ந்து, 105 கெல்வினில் அந்தத் திருப்பமே நிரந்தர அமைப்பாக உறைந்துவிடும். விளிம்பு விளைவு ஆய்வு மட்டும் செய்பவருக்கு அமைப்பு மாறியது தெரியும். ஆற்றலையும் அளந்தவருக்கு அது ஏன் மாறியது என்பது தெரியும். உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மத் திரவ ஹீலியத்தின் ரோட்டான்களும் (அதற்குள் எழும் ஒரு வகைக் கிளர்ச்சி) இதே வகைச் சாதனை. லாண்டாவ் ஊகித்த ஆற்றல் வரைகோட்டில் ஒரு பள்ளம் இருந்தது. அது 0.74 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் நிஜமாகவே இருப்பதை 1950களின் பிற்பகுதியிலிருந்து நியூட்ரான்கள் காட்டின. ஹீலியம் எக்ஸ் கதிரை மிக லேசாகத்தான் சிதறடிக்கும், ஆற்றலோ இவ்வளவு சிறியது; அந்தக் காலத்தில் வேறு எதைக் கொண்டு இதை இவ்வளவு நேரடியாக அளந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று அச்சு முறை ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். முழுப் படமும் வேண்டுமானால் பறக்கும் நேரத்தை அளக்கும் கருவிகள் உண்டு. 4 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் நொடிக்குச் சுமார் 990 மீட்டர் ஓடும், 10 மீட்டர் கடக்கப் 10 மில்லி விநாடி ஆகும். சாதாரண மின்னணுச் சாதனங்களுக்கே இது நிதானமான வேகம். கற்றையைச் சுழலும் தட்டுகளால் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, ஒவ்வொரு நியூட்ரானும் எந்த டிடெக்டரில் எப்போது வந்தது என்று குறித்தால், உந்தமும் ஆற்றலும் சேர்ந்து கிடைத்துவிடும். பல சதுர மீட்டர் டிடெக்டர் சுவர் ஒரே சமயத்தில் பல்லாயிரம் உந்தப் புள்ளிகளைப் பதிவு செய்யும்.

இன்னும் மெதுவான அசைவுகள் இருக்கின்றன. அதிர்வு இல்லை, இடம்பெயர்வு. மூலக்கூறு தாவுவது, திரும்புவது, ஊர்ந்து போவது. இங்கே நியூட்ரான் ஒரு குறிப்பிட்ட ஆற்றலை இழப்பதில்லை. ஆற்றல் மாறாமல் வருபவை தரும் மீட்சியுறு உச்சியின் அடி அகன்றுபோகும், அவ்வளவுதான். அசைவு எவ்வளவு வேகமோ அவ்வளவு அகலம். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் அதன் விரவல் கெழு நொடிக்கு 2.3 சதுர நானோமீட்டரை நூறு கோடியால் பெருக்கிய அளவு. ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்று என்ற உந்தத்தில் இது தரும் அரை அகலம் சுமார் 0.15 மில்லி எலக்ட்ரான் வோல்ட். சாதாரண விரவல் என்றால் உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப இந்த அகலம் ஏற வேண்டும். உந்தம் பெரிதாகும்போது, அதாவது மூலக்கூறுக்கு மிக அருகில் போய்ப் பார்க்கும்போது, அது அப்படி ஏறாமல் வளைந்து தட்டையாகிவிடும். அந்த வளைவிலிருந்து மூலக்கூறு ஒரு தாவலில் எவ்வளவு தூரம் போகிறது, தாவுவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எடுத்துவிடலாம். இந்த வேலைக்குச் சாதாரண ஹைட்ரஜன்தான் கதாநாயகன். அதன் ஓரியலற்ற சிதறல் 80 பார்ன் (பார்ன் என்பது அணுக்கரு நியூட்ரானுக்குக் காட்டும் இலக்குப் பரப்பின் அலகு). மற்றப் பெரும்பாலான தனிமங்களுக்கு எல்லாம் சேர்த்தே ஒற்றை இலக்கம் அல்லது பத்து சொச்சம். ஓரியலற்ற சிதறல் என்பது தனித்தனி அணுவின் பயணக் கதை, எனவே கூட்டத்தில் ஹைட்ரஜன்கள் மட்டும் தெரியும். ஆனால் அதே 80 பார்ன் கட்டமைப்பு ஆய்வில் பெரிய இம்சை. உச்சிகளுக்கு அடியில் தடித்த பின்னணியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே டியூட்டீரியத்துக்கு மாற்றாமல் காரியம் நடக்காது.

அதைவிடவும் மெதுவாக, நானோ விநாடி முதல் நூற்றுக்கணக்கான நானோ விநாடி வரை பார்க்க வேண்டுமானால் ஃபெரன்ஸ் மெஸாய் 1972இல் கொண்டுவந்த ஸ்பின் எதிரொலி முறை. இவ்வளவு சிறிய ஆற்றல் மாற்றத்தைப் பார்க்கக் கற்றையை அவ்வளவு துல்லியமாக வடிகட்டினால் நியூட்ரானே மிஞ்சாது. மெஸாய் வடிகட்டவே இல்லை. ஒவ்வொரு நியூட்ரானின் ஸ்பினையும் காந்தப் புலத்தில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றவிட்டு, சிதறிய பிறகு எதிர்ப்பக்கம் அதே அளவு சுற்றவைத்தார். வேகம் மாறாதிருந்தால் ஸ்பின் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். மாறியிருந்தால் அந்த அளவுக்குத் தவறும். ஒவ்வொரு நியூட்ரானும் தன் கடிகாரத்தைத் தானே சுமந்து போகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இது.

அந்த யோசனை ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் துறையின் அடிப்படைப் பிரச்சினை வெளியே வரும்: நியூட்ரான் பற்றாக்குறை. கிரனோபிளில் 1971 முதல் ஓடும் லவே-லாஞ்செவின் நிலையத்தின் 58 மெகாவாட் உலையில் உச்சப் பாயம், அதாவது நியூட்ரான் ஓட்டத்தின் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 1500 லட்சம் கோடி. பெரிய எண்தான். ஆனால் அவை எல்லாத் திசையிலும், எல்லா வேகத்திலும் ஓடுகின்றன. ஒரு திசையையும் ஒரு ஆற்றலையும் தேர்ந்தெடுத்து மாதிரிக்கு வரும்போது சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஒரு கோடி இருந்தாலே நல்ல கருவி என்பார்கள். அதிலும் பத்தில் ஒன்று சிதறும்படிதான் மாதிரியின் தடிமனை வைப்பார்கள். கூடினால் இரண்டு முறை சிதறியவை குழப்பும். ஒவ்வொரு கருவியும் எந்த நியூட்ரான்களைத் தூக்கி எறிவது என்பது பற்றி யாரோ எடுத்த முடிவு என்றே சொல்லலாம். துல்லியத்தை இரு மடங்கு கூட்டினால் எண்ணிக்கை நாலில் ஒன்றோ எட்டில் ஒன்றோ ஆகும்.

பிளவுக்கு மாற்று, சிதைப்பு மூலங்கள். ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானைக் கனமான உலோகத்தின் மேல் மோதவிட்டால் புரோட்டானுக்கு இருபது முப்பது நியூட்ரான் தெறிக்கும். பிளவிலோ ஒன்றுக்குச் சராசரி இரண்டரைதான், அதிலும் ஒன்று தொடர்வினைக்குப் போய்விடும். இங்கிலாந்தின் ஐசிஸ் (1984) டங்ஸ்டனையும், ஓக் ரிட்ஜின் மூலமும் (2006) ஜப்பானின் ஜே-பார்க்கும் பாதரசத்தையும் இலக்காக வைத்திருக்கின்றன. இவை துடிப்புத் துடிப்பாக வருவதால் பறக்கும் நேரக் கருவிகளுக்கு வாகானவை. ஸ்வீடனின் லுண்டில் ஐரோப்பிய மூலம் கட்டப்பட்டு வருகிறது. மறுபக்கம் 2019இல் மட்டும் பெர்லின், சாக்லே உலைகள் மூடப்பட்டன. எனவே கருவி நேரத்துக்குப் போட்டி குறையப் போவதில்லை.

தடித்த உலோகத்துக்குள் பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகில் சில சென்டிமீட்டர் ஆழத்தில், சில கன மில்லிமீட்டர் பகுதியை மட்டும் குறிவைத்து, அணுத்தளங்களின் இடைவெளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறியிருந்தாலும் அளக்கலாம். வெல்டிங் செய்த இடத்துக்கு அருகே உறைந்துபோன இறுக்கம் அதில் தெரியும். அதே ஊடுருவும் குணத்தால்தான் குளிர்விப்பான், உலை, அழுத்தக் கலன் எதற்குள் வேண்டுமானாலும் மாதிரியை வைத்து அளக்க முடிகிறது. தூளை வனேடியக் குப்பியில் போடுவார்கள். அலைகள் சேர்ந்து உச்சிகளைத் தரும் ஓரியல் சிதறல் அதற்குக் கிட்டத்தட்ட பூஜ்யம், எனவே குப்பியின் உச்சிகள் குறுக்கே வராது.

சரி, இத்தனையும் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதலாம் என்று இருந்தால், முதலில் உங்கள் பொருளில் இருக்கும் ஒவ்வொரு தனிமத்தின் உட்கவர் அளவையும் அட்டவணையில் பாருங்கள். காட்மியம், கடோலினியம், சமாரியம், போரான் இருந்தால் நியூட்ரானை விழுங்கிவிடும். கடோலினியத்துக்கு வெப்ப நியூட்ரானில் கிட்டத்தட்ட 49,700 பார்ன். போரானை போரான்-11 ஐசோடோப்பாக மாற்றிச் செய்தால் தப்பிக்கலாம், செலவு ஏறும். ஹைட்ரஜன் இருந்தால் அதைத் தேடுகிறீர்களா, தவிர்க்கிறீர்களா என்பதை மாதிரி செய்வதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அளவையும் யோசிக்க வேண்டும். தூள் விளிம்பு விளைவுக்கு ஒரு சில கிராம் போதும். ஃபோனானோ ஸ்பின் அலையோ பார்க்க ஒற்றைப் படிகம் கிராம் கணக்கில் வேண்டும். இல்லாவிட்டால் சிறு படிகங்களை ஒரே திசையில் அடுக்கி ஒட்ட வேண்டியிருக்கும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. எக்ஸ் கதிர், வெப்ப ஏற்புத்திறன், காந்தமாக்கல் மூன்றையும் உங்கள் கூடத்திலேயே முடித்துவிட்டு, அவற்றால் தீராமல் மிஞ்சும் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் தேடுவது அந்த மிச்சத்தைத்தான்.

மாதிரி உடனே கையில் திரும்பக் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கற்றையில் நின்றது கொஞ்சம் கதிரியக்கம் பெற்றிருக்கும். அலுமினியம் சில நிமிடங்களில் அடங்கிவிடும், மாங்கனீசு ஓரிரு நாளில் அடங்கும், சோடியத்துக்குச் சில நாள் பிடிக்கும். கோபால்ட் என்றால் அரை ஆயுள் 5.27 வருடம், அதிக நேரம் கற்றையில் வைத்திருந்தால் அந்தப் படிகத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். கோபால்ட் உள்ள படிகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதில் செய்ய வேண்டிய மற்ற அளவீடுகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள்.